இரண்டு டிஸ்க் நாஸ்: பேக்கப்புக்கும் பாட்டுக்கும் ஒரே பெட்டி

பேக்கப்பும் பாட்டும் ஒரே நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாச் சாதனங்களுக்கும் டிஸ்க்கைப் பகிரும் பெட்டி) இருக்கலாம். ஒரே ஃபோல்டரில், ஒரே பயனர் கணக்கின் கீழ் இருக்கக் கூடாது. பேக்கப், எழுதி முடித்த பிறகு யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டியது. பாட்டு, வீட்டிலுள்ள ஃபோன், டிவி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எல்லாம் தடையில்லாமல் வாசிக்க வேண்டியது. இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்து வைத்தால் பின்னால் வரும் தொல்லையில் பாதி வராது. இங்கே சொல்வது சினாலஜி டிஎஸ்224பிளஸ் பெட்டியில், அதன் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2 பதிப்பில் செய்த அமைப்பு. வேறு கம்பெனிப் பெட்டி என்றால் மெனுப் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

வாங்க வேண்டியவை

நாஸ் பெட்டி ஒன்று. 4 டிபி டிஸ்க் இரண்டு. யுஎஸ்பி வெளி டிஸ்க் 4 அல்லது 5 டிபியில் இரண்டு. ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். கேட்-6 கேபிள். டேட்டா கேபிள் போர்ட் உள்ள 600 விஏ யூபிஎஸ்.

டிஸ்க் வாங்கும்போது அதில் எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டிவரும். சாதாரண நாளில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதை மாட்டி, மொத்தத்தையும் திரும்ப எழுதும் நேரத்தில்தான் வேகம் படுத்துவிடும். சில சமயம் நாஸ் புது டிஸ்க்கையே பழுது என்று தள்ளிவிடும். டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். யுஎஸ்பி வெளி டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தால் பரவாயில்லை, அதற்கு அவசரம் கிடையாது.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இருப்பது நல்லது. ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த டிஸ்க்குகள் அடுத்தடுத்துக் காலியாகும் வாய்ப்பு அதிகம்.

முதல் நாள்

டிஸ்க்கை மாட்டியதும் டேட்டா ஏற்ற வேண்டாம். ஸ்டோரேஜ் மேனேஜரில், டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் ஸ்மார்ட் பரிசோதனையின் நீண்ட வடிவத்தை ஓட்டுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். மறு ஒதுக்கீடு ஆன செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று காட்டினாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதோடு வாழ்ந்து பார்க்கலாம் என்ற பெருந்தன்மை இங்கே வேண்டாம்.

அடுத்து ஸ்டோரேஜ் பூல். இரண்டு டிஸ்க்கை எஸ்ஹெச்ஆர் என்ற சினாலஜியின் முறையில் சேர்த்தால் ஒன்றின் அச்சு நகலாக மற்றொன்று இருக்கும். 4 டிபி என்று வாங்கியது திரையில் 3.6 சொச்சமாகத் தெரியும். கம்பெனி ஆயிரத்தின் கணக்கில் எண்ணுகிறது, டிஎஸ்எம் 1024-இன் கணக்கில் எண்ணுகிறது, யாரும் ஏமாற்றவில்லை. ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) பிடிஆர்எஃப்எஸ் ஆக இருக்கட்டும்.

ஷேர்டு ஃபோல்டர் (சுருக்கமாக ஷேர்) உருவாக்கும்போது மேம்பட்ட டேட்டா முழுமைக்கான செக்சம் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று காட்டும் எண்) என்று ஒரு பெட்டி வரும். அதை அப்போதே டிக் செய்துவிட வேண்டும். அந்த ஃபோல்டருக்குப் பிறகு எப்போதும் அதைப் போட முடியாது. புது ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் நகர்த்துவதுதான் வழி. இந்த டிக் இல்லாமல், டிஸ்க் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் மாதாந்திர ஸ்கிரப்பிங் ஓடினால், டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டு கிடக்கிறது என்பதைப் பெட்டியால் அடையாளம் காண முடியாது. டிக் இருந்தால் நல்ல நகல் எது என்று தெரிந்து கெட்டதைத் திருத்திக்கொள்ளும்.

ரகசியம் வேண்டும் என்றால் டிஎஸ்எம் 7.2-இல் வந்த முழு வால்யூம் என்கிரிப்ஷனை, வால்யூம் (பூலின் மேல் அமைக்கும் சேமிப்பிடம்) உருவாக்கும்போதே தேர்ந்தெடுங்கள். பழைய முறையான ஃபோல்டர் என்கிரிப்ஷன் தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஒத்துவராது. அதில் ஃபைல் பெயர் 143 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘திருக்கல்யாணம்’ என்பது கண்ணுக்கு 8 எழுத்து, டிஸ்க்கில் 14 குறி, 42 பைட். ஆக 47 குறிக்கு மேல் பெயர் போகாது. கச்சேரி ஃபைலில் பாடியவர், ராகம், இடம், தேதி என்று எழுதினால் பாதியிலேயே காப்பி நின்றுவிடும். காரணம் என்னவென்று பிழைச் செய்தியில் தெளிவாக வராது.

யார் எதை எழுதலாம்

மூன்று ஷேர் போதும்: ஆவணமும் படமும் ஒன்று, பாட்டு ஒன்று, மேக் இருந்தால் டைம் மெஷினுக்கு ஒன்று. ஷேர் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். உள்ளே தமிழ் தாராளமாக இருக்கலாம்.

கணக்குகள் இப்படி: கன்ட்ரோல் பேனலுக்குள் போக மட்டும் ஒரு நிர்வாகக் கணக்கு, இரண்டு கட்ட உள்நுழைவோடு. எந்தக் கம்ப்யூட்டரிலும் இதன் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு சாதாரணக் கணக்கு, அதற்கு ஆவண ஷேர் மட்டும். பாட்டை வாசிக்க ஒரு கணக்கு, வாசிப்பு உரிமை மட்டும். பாட்டைச் சேர்க்க இன்னொரு கணக்கு, அது எழுதலாம்.

ஏன் இவ்வளவு? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் எந்தெந்த ஷேர் எழுதும் உரிமையோடு திறந்திருக்கிறதோ அத்தனையும் போகும். இரண்டு டிஸ்க் அச்சு நகல் இந்த இடத்தில் உதவாது. கெட்டுப்போன ஃபைலை இரண்டாவது டிஸ்க்கிலும் அதே நொடியில் அக்கறையாக எழுதிவிடும். காப்பாற்றுவது ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் ஷேர் இருந்த நிலையின் பதிவு. ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் பேக்கேஜைப் போட்டு, ஆவண ஷேருக்கு மணிக்கொரு முறை, பாட்டு ஷேருக்கு நாளுக்கொரு முறை என்று வையுங்கள். மணிக்கணக்கில் 24, நாள் கணக்கில் 14, வாரக் கணக்கில் 8 வைத்துக்கொண்டால் போதும். மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும் என்பதால் டிஸ்க் நிறைந்துவிடாது. கம்ப்யூட்டரின் சாதாரணக் கணக்கால் ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. தனித்தனிக் கணக்கு வைத்ததன் பலன் அதுதான். ஆதரவுள்ள மாடல்களில் குறிப்பிட்ட நாள்வரை நிர்வாகியே அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட்டும் உண்டு. 7 நாள் போட்டு வைக்கலாம்.

இப்படிக் கணக்கைப் பிரித்ததும் விண்டோஸில் ஒரு தொல்லை வரும். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நாஸுக்கு இரண்டு வேறு கணக்கில் ஒரே நேரத்தில் போனால் 1219 என்ற பிழை வரும். பாட்டு ஷேரை வாசிப்புக் கணக்கில் மேப் செய்திருக்கும்போது, பாட்டு சேர்ப்பதற்காக இன்னொரு கணக்கில் நுழையப் பார்த்தால் விடாது. ஒன்றை நாஸின் பெயரிலும் மற்றதை ஐபி முகவரியிலும் திறந்தால் விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு சர்வர் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 புரோவின் 24ஹெச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. பழைய பழக்கத்தில் பாட்டு ஷேரை எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பவர்கள் அதற்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

நொடிக்கு 11 எம்பி

முதல் முறை டேட்டா ஏற்றும்போது வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் பெரிய ஃபைல்கள் நொடிக்கு 110 எம்பி போகும். 1 டிபி இரண்டரை மணி நேரம். சின்னச் சின்னப் படங்கள் என்றால் அதைவிட மெதுவாகத்தான் போகும், அது இயல்பு. ஆனால் பெரிய வீடியோவும் 11 எம்பியில் அசையாமல் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அதே 1 டிபிக்கு 25 மணி நேரம் ஆகும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கேபிள் முனையைக் கிரிம்ப் செய்தவர் மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பியைச் சரியாக அழுத்தவில்லை என்றால் நெட் வேலை செய்யும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். இன்னொன்று, ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி. அதில் நான்கு போர்ட் இருந்தாலும் சிலவற்றில் ஒன்று மட்டுமே கிகாபிட். நாஸ், கம்ப்யூட்டர், ஆம்ப் மூன்றையும் தனி கிகாபிட் ஸ்விட்ச்சில் மாட்டி, ஸ்விட்ச்சிலிருந்து ஒரு கேபிள் மட்டும் ஃபைபர் பெட்டிக்குக் கொடுங்கள். வீட்டுக்குள் நடக்கும் காப்பி அந்தப் பெட்டியைத் தொடவே தொடாது.

கம்ப்யூட்டர் பேக்கப்

இரண்டு வழி, இரண்டும் வேண்டும். டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்றவற்றுக்கு சினாலஜி டிரைவ் கிளையன்ட்டில் பேக்கப் டாஸ்க். சிங்க் டாஸ்க்கும் அங்கேயே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். விண்டோஸ் முழுவதற்கும் ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ். எஸ்எஸ்டி போய்விட்டால் புதியதை மாட்டி, விண்டோஸ், மென்பொருள் எல்லாம் இருந்தபடியே திரும்பப் பெற இது வழி. அதற்கான மீட்பு பென்டிரைவைக் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே உருவாக்கி, ஒருமுறை பூட் செய்து, நாஸ் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். புது மதர்போர்டுகளில் லேன் டிரைவர் அதில் இருக்காது. பென்டிரைவ் உருவாக்கும்போதே அந்த டிரைவரைச் சேர்க்க வழி இருக்கிறது.

டைம் மெஷினுக்கு அந்தக் கணக்கில் கோட்டா (இட வரம்பு) போடுங்கள், மேக் டிஸ்க்கின் இரண்டு மடங்கு. போடாவிட்டால் பாட்டுக்கு வைத்த இடத்தையும் அது தின்றுவிடும். ஃபோன் படங்களுக்கு சினாலஜி ஃபோட்டோஸ் ஆப். ஐஃபோனில் பின்னணியில் ஓடும் ஆப்பை ஐஓஎஸ் நிறுத்திவிடும் என்பதால் முதல் முறை மட்டும் சார்ஜரில் போட்டு ஆப்பைத் திறந்தே வையுங்கள்.

நாஸுக்கே பேக்கப் வேண்டும். ஹைப்பர் பேக்கப்பில் ஆவண ஷேரையும் பாட்டு ஷேரையும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு அனுப்ப ஒரு டாஸ்க். இரண்டாவது டிஸ்க்குக்கு இன்னொரு டாஸ்க். முடிந்ததும் டிஸ்க்கைத் தானாகக் கழற்றிவிடும் அமைப்பைப் போடுங்கள். ஒன்று பெட்டியருகே, மற்றது உறவினர் வீட்டிலோ அலுவலகத்திலோ. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். என்கிரிப்ஷன் போட்டால் அது தரும் சாவி ஃபைலை நாஸிலேயே வைத்து மறந்துவிடாதீர்கள், எரிந்துபோன பெட்டிக்குள் இருக்கும் சாவியால் பயனில்லை. இந்த டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4-இல் ஃபார்மேட் செய்திருந்தால் விண்டோஸ் நேராக வாசிக்காது. உபுண்டு பென்டிரைவும் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரரும் இருந்தால் நாஸ் இல்லாமலேயே ஃபைலை எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். பச்சை டிக் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

பாட்டு

நெட்வொர்க்குக்குப் பாட்டு ஒரு சுமையே இல்லை. சிடி தரம் நொடிக்கு 1411 கிலோபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அது பாதிக்குச் சற்று மேலே வரும். இரண்டரை மணி நேரக் கச்சேரி 1 ஜிபிக்குள் அடங்கும். பாட்டு தடைப்படுவது வேறு காரணத்தால்: டிஸ்க் தூங்கிப்போயிருக்கும். எழுந்து சுழலப் பத்து நொடி வரை ஆகும், அதற்குள் ஆப் பொறுமை இழந்து பிழை காட்டும். டிஸ்க் உறக்கத்தை அணைத்துவிடுவது என் பரிந்துரை. பெட்டி மொத்தமும் 15 வாட் அளவில்தான் எடுக்கும், இரண்டு மாத மின் கட்டணத்தில் 22 யூனிட். அடிக்கடி தூங்கி எழுவதால் டிஸ்க்குக்கு வரும் தேய்மானத்தைவிட அது மலிவு.

சர்வருக்கு நாவிட்ரோம், நாஸில் உள்ள பாட்டை ஃபோனுக்கு அனுப்பும் மென்பொருள். கன்டெய்னர் மேனேஜரில் (மென்பொருளைத் தனிக் கூட்டுக்குள் ஓட்டும் பேக்கேஜ்) அதன் இமேஜை இறக்கி, பாட்டு ஷேரை வாசிப்பு மட்டும் என்று இணையுங்கள். அதன் டேட்டாபேஸுக்குத் தனி ஃபோல்டர். போர்ட் 4533. கன்டெய்னரைப் பாட்டு வாசிக்கும் கணக்கின் எண்ணில் ஓட்ட வேண்டும். டிஎஸ்எம்-இல் உருவாக்கும் முதல் கணக்கு 1026, பயனர் குழு 100. உங்கள் கணக்கின் எண்ணை எஸ்எஸ்ஹெச் (நாஸுக்குக் கட்டளை அடிக்கும் வழி) வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் தவறினால் ஸ்கேன் ஓடும், பாட்டு ஒன்றும் வராது, லாகில் அனுமதி மறுப்பு வரிசையாக நிற்கும். ஃபோனில் சப்சானிக் என்ற பாட்டு சர்வர் முறையை ஆதரிக்கும் எந்த ஆப்பும் சேரும்.

ஆம்புக்கும் டிவிக்கும் டிஎல்என்ஏ (நெட்வொர்க்கில் பாட்டையும் வீடியோவையும் பகிரும் முறை) வேண்டும் என்றால் மீடியா சர்வர் பேக்கேஜ். நாஸ் கண்ணில் படவில்லை என்றால் முதலில் ஆம்ப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரௌட்டரில் சாதனங்களைப் பிரிக்கும் ஐசொலேஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி டிராக்காக இருக்கும் பதிவுகளில் நடுவே ஒரு வெட்டு கேட்டால், அடுத்த டிராக்கை முன்கூட்டியே வாங்கி வைக்கும் வசதி அந்த ஆம்பில் இல்லை. நாஸில் எதை மாற்றினாலும் அது தீராது.

திரைப்பட ஆல்பங்களில் டேக் (பாட்டு ஃபைலுக்குள் எழுதியிருக்கும் விவரம்) விஷயம் தனி. ஆறு பாட்டில் எட்டுப் பாடகர்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலம் காலியாக இருந்தால் ஒரே படம் ஐந்தாறு ஆல்பமாகச் சிதறும். எம்பி3டேக் மென்பொருளில் படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். ஆர்ட்டிஸ்ட்டில் பாடகர்கள் இருக்கட்டும். இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவது முக்கியம். இனிஷியலுக்குப் பின் புள்ளி இருப்பதும் இல்லாததும் சர்வருக்கு இரண்டு ஆள்.

அதைவிட நுணுக்கமான தொல்லை தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ‘பொங்கல்’ என்பதில் வரும் ‘பொ’வின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியாக ஒரே எண், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு எண். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு பெயர். பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ்பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அந்தப் பெயர்கள் பிரித்த வடிவிலேயே நாஸுக்கு வந்துவிட்டால், விண்டோஸிலிருந்து ஏற்கெனவே வந்த அதே ஃபோல்டருக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று வந்து உட்காரும். ஒ, ஓ, ஔ மூன்றின் குறிகளுக்கும் இது பொருந்தும். கன்வ்எம்வி என்ற லினக்ஸ் நிரல் இதைச் சரிசெய்யும்: பெயர்களை என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதலில் என்ன மாறும் என்று மட்டும் காட்டும், உண்மையில் மாற்றத் தனி உத்தரவு கொடுக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட்.

ஆனால் ‘கௌரி’யை ‘கெளரி’ என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது, அது சட்டப்படி சரியான வேறு எழுத்து. தேடினால் பாட்டு வராது, பட்டியலில் மட்டும் இருக்கும். எம்பி3டேகில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். மொத்தமாக மாற்றக் கூடாது. ‘வெள்ளி’, ‘தெளிவு’ எல்லாம் நாசமாகும்.

வெளியிலிருந்து

ரௌட்டரில் போர்ட் திறக்காதீர்கள். இணையத்துக்கு நேராகத் திறந்த நாஸ்களைக் குறிவைத்து 2014-இல் சினோலாக்கர் ரான்சம்வேரும் 2021-இல் கியூலாக்கர் ரான்சம்வேரும் வந்தன. இந்தியாவில் பல ஃபைபர் இணைப்புகள் பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பவை, போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. உங்கள் சாதனங்களை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் பேக்கேஜ் இரண்டு பிரச்சினைக்கும் போதும். மொபைல் டேட்டாவில் கேட்க நாவிட்ரோமில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் 128 கிலோபிட் மாற்றத்தைப் போடுங்கள். மணிக்கு 58 எம்பி ஆகும். ஃபிளாக் அப்படியே வந்தால் 360 எம்பி தாண்டும்.

மின்சாரம்

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, யூபிஎஸ் எதற்கு என்று கேட்பார்கள். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் நாஸ் அணைந்து எழலாம். பின்புறம் யூபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டால் இடைவெளி குறையும். ஆனால் பேட்டரி தீரப்போவதை இன்வெர்ட்டர் நாஸிடம் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகும். டேட்டா போர்ட் உள்ள யூபிஎஸ்ஸை யுஎஸ்பியில் நாஸுடன் இணைத்து, கன்ட்ரோல் பேனலில் ஹார்டுவேர் பகுதியில் யூபிஎஸ் ஆதரவைப் போட்டு, மின்சாரம் போய் 10 நிமிடத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போகச் சொல்லுங்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் போர்ட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 600 விஏ மாடல்களில் பலவற்றுக்கு அது கிடையாது.

ஃபைபர் பெட்டியையும் ஸ்விட்ச்சையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டலாம், மூன்றும் சேர்த்து 30 வாட்டுக்கு மேல் போகாது. மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் அமைப்பைப் போட்டால், சில சமயம் ஃபைபர் பெட்டி எழுவதற்கு முன்பே நாஸ் எழுந்துவிடும். ஐபி கொடுக்க ஆள் இல்லாததால் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொண்டு நிற்கும், ஃபோனில் பாட்டு ஆப் சர்வரைக் காணோம் என்று சொல்லும். நாஸிலேயே நிலையான ஐபி எழுதி, ரௌட்டர் பிறருக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்கு வெளியே அது இருக்கும்படி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.